ஒட்டாதவனை ஓட்டிடுவாங்களா?

காஜா பெராங் தெருவில் அந்த வருஷம் ராஜரத்தினம் பயந்தமாதிரி யாரும் பயந்ததில்லை. மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. அவருடைய குடியுரிமைத் தாள் மட்டும் வந்தபாடில்லை. வந்தது என்னவோ கண்ணாடி போட்ட ஓர் ஆள். கையில் கேள்விப் படிவம்.

"இந்தத் தெருவோட உங்களுக்கு எவ்வளவு ஒட்டுதல்? ஒன்றிலிருந்து ஐந்துக்குள்ள சொல்லுங்க."

நம்பர் ஒன்னுக்கு மேல் உலகத்தில் என்ன இருக்கிறது? ராஜரத்தினம் நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஒண்ணு!"

"அக்கம்பக்கத்தாருக்கு உதவுவீங்களா?"

"அதுக்கும் ஒண்ணு! எல்லாத்துக்கும் ஒண்ணே போடுங்க!"

வந்தவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். குறித்துக்கொண்டார். வீட்டம்மாவுக்கென்று இன்னொரு படிவத்தை வைத்துவிட்டுப் போனார். சாரதாம்பாள் அதை எடுத்துப் படித்தாள்.

"என்னங்க, ஒண்ணுன்னா 'அறவே இல்லை'யாம். அஞ்சுதான் உசத்தி."

ராஜரத்தினம் பொத்தென்று உட்கார்ந்தார், நாற்காலி இல்லாத இடத்தில்.

"ஐயையோ! ஒட்டாதவனை ஓட்டிடுவாங்களா, சாரதா?"

"நாகப்பட்டணத்துக்குக் கப்பல் எப்பன்னு தெரியலையே."

"கைக்குழந்தையா வந்தவன்டி நான்! அங்க எனக்கு யாரைத் தெரியும்?"

"இங்க யாரைத் தெரியும்? பக்கத்து வீட்டு அண்ணன் பேரைச் சொல்லுங்க."

"அதான்... அந்த மீசைக்காரரு."

"அலி அக்பர். ஆறு வருஷமா வேலிக்கு அந்தப் பக்கம் இருக்காரு." படிவத்தை மடித்து இடுப்பில் செருகினாள். "சனிக்கிழமை அந்த ஐயா திரும்ப வர்றாரு. அக்கம்பக்கத்துல விசாரிச்சா என்ன ஆகுமோ!"

அந்த வாரம் ராஜரத்தினம் படாத பாடு பட்டார். கோத்தோங் ரோயோங் என்று தெருவே சேர்ந்து சாக்கடை வெட்டியபோது முதல் மண்வெட்டி அவருடையது. அலி அக்பர் கூரைத் தகரம் மாற்ற, ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏணி ஆடியது, அவர் அதைவிட அதிகமாக ஆடினார். தெருக்கோடிப் பொன்னம்மா வீட்டுக் காதுகுத்துக்கு இலை போட்டார். சைக்கிள் மணி கேட்டால் அந்த ஐயாதானோ என்று வாசலை எட்டிப் பார்த்தார். கண்டவரிடமெல்லாம், "விசாரிச்சா அஞ்சுன்னு சொல்லுங்க, புண்ணியமாப் போகும்!" என்று கும்பிட்டார்.

சனிக்கிழமை கண்ணாடிக்காரர் வந்தார். ராஜரத்தினம் வாசலுக்கே ஓடினார்.

"ஐயா, என்னைக் கப்பல் ஏத்திடாதீங்க!"

"கப்பலா? நான் சிங்கப்பூர்ல படிக்கிற மாணவன். இது என் ஆராய்ச்சிக்கு. இதுல உங்க பேருகூடக் கிடையாதே! அம்மா எழுதினதை வாங்கிட்டுப் போக வந்தேன்."

சாரதாம்பாள் நீட்டினாள். அவர் கடைசிக் கேள்வியை வாய்விட்டுப் படித்தார்.

"தெருவில் ஒட்டுதல் வளர என்ன செய்யலாம்?"

கீழே முத்துமுத்தான எழுத்து: "என் வீட்டுக்காரரை ஒரு வாரம் பயமுறுத்தினால் போதும்."