லண்டன் போன பீப்பாய்கள்

ஆங்கிலேயர் ஆண்ட தீவொன்றின் போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரில் அந்நாளில் எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டுவது குற்றம். எண்ணெய் இருக்கும் பீப்பாயைத் தட்டினால் குற்றமில்லை. காலிப் பீப்பாயைத் தட்டி, அதிலிருந்து இனிமையான ஓசை வந்தால்தான் குற்றம். ஓசை இனிமையானால் கூட்டம் கூடும். கூட்டம் கூடினால் அது கலகம். ஆகவே நன்றாக வாசிப்பவனே பெரிய குற்றவாளி. அந்த வகையில் லாவென்டில் குன்றின் தலைசிறந்த குற்றவாளி க்ளைட்டஸ் லெஸாமா.

பீப்பாயின் அடிப்பாகத்தைச் சம்மட்டியால் குழித்து, குழிக்குள் சுரத்துக்கு ஒரு மேடு எழுப்பி, நெருப்பில் வாட்டி எடுப்பான். அதற்குப் பெயர் பான். அவனும் தங்கை அயோலாவும் ரப்பர் சுற்றிய குச்சிகளோடு அதன் முன்னால் நின்றுவிட்டால் குன்றே இடுப்பை ஆட்டும்.

ஒருநாள் காலை சார்ஜென்ட் பான்டின் சந்துக்குள் நுழைந்தார். க்ளைட்டஸ் வழக்கப்படி சுவரேறிக் குதித்தான். சார்ஜென்டும் வழக்கப்படி துரத்தினார். கோழிக்கூண்டு ஒன்று கவிழ்ந்தது. யாரோ ஓர் அம்மாளின் கீரைக் குழம்புச் சட்டி உருண்டது.

"டேய், நில்லுடா! உன்னைக் கௌரவிக்க வந்திருக்கேன்!"

"போன தடவையும் ஏதோ நல்ல விஷயம்னுதானே ஐயா சொன்னீங்க!"

"அது பொய்டா. இது நிஜம். நின்னு தொலை, மூச்சு வாங்குது!"

மாமரத்தடியில் கௌரவம் அவன் சட்டைக் காலரைப் பிடித்தது.

விஷயம் இதுதான். லண்டனில் பெரிய விழா. ஒவ்வொரு காலனியும் தன் சொந்தக் கலையை அனுப்பவேண்டும். கலைப் பயண உபகுழுவின் செயலாளர் திருவாளர் டார்டேன் ஊரெல்லாம் தேடினார். பியானோ இருந்தது, நாடகம் இருந்தது, கூட்டுப்பாட்டு இருந்தது. எல்லாமே லண்டனிலிருந்து வந்தவை. வந்ததையே திருப்பி அனுப்புவது மரியாதையாகாது. சொந்தமாக மிஞ்சியது போலீஸ் பறிமுதல் செய்து வைத்திருந்த சரக்கு மட்டும்தான்.

பயிற்சிக்கு ஒரு தடை இருந்தது. பொது இடத்தில் பான் வாசிக்கக் கூடாது. செயலாளர் ஆழ்ந்து சிந்தித்தார்.

"காவல் நிலையம் பொது இடமா?"

"இல்லீங்க. கைதிங்க மட்டும்தான் உள்ள வரலாம்," என்றார் சார்ஜென்ட்.

"அப்போ கைது பண்ணிடுங்க."

அதன்படி தினமும் காலையில் க்ளைட்டஸின் வாத்தியக் குழுவினரை முறைப்படி கைது செய்து, நிலையத்து முற்றத்தில் வாசிக்கவைத்து, சாயங்காலம் நன்னடத்தைக்காக விடுவித்தார்கள். சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் புகார் கொடுக்க வந்தார்கள். சார்ஜென்ட் தாளம் போட்டுக்கொண்டே புகாரை எழுதிக்கொண்டார்.

அயோலாவும் தவறாமல் கைதாகி வந்தாள். பயணப் பட்டியலில் மட்டும் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். ஒரு பெண்மணி குச்சி பிடித்து ஆடினால் தாய்நாடான இங்கிலாந்து திகைக்கும் என்றார் செயலாளர்.

"அவ இல்லாம நான் போகமாட்டேன்," என்றான் க்ளைட்டஸ்.

செயலாளர் ஒரு கம்பளிக் கோட்டை எடுத்து அவன் தோளில் போட்டார். க்ளைட்டஸ் கண்ணாடியில் பார்த்தான். கொஞ்சம் அதிக நேரம்தான் பார்த்தான்.

"போய்ட்டு வா அண்ணே," என்றாள் அயோலா. "கோட்டு நல்லாத்தான் இருக்கு. உள்ள இருக்கிற ஆளு மாறாம இருந்தா சரி."

கப்பல் புறப்பட்ட பிறகுதான் க்ளைட்டஸ் பான்களின் உறையைப் பிரித்தான். பிரித்தவன் அலறினான். எல்லாம் பச்சை வர்ணம் பூசிப் பளபளவென்று, சாப்பாட்டுத் தட்டுபோல் சமமாக இருந்தன.

"ஐயா! சுரமெல்லாம் எங்கே?"

"ஒரே ஒடுக்கு ஒடுக்கா இருந்துச்சுப்பா," என்றார் டார்டேன். "மன்னர் வாழும் ஊருக்கு ஒடுங்கின பாத்திரமா கொண்டுபோறது? பொதுப்பணித் துறையில சொல்லி எல்லாப் பழுதையும் நீக்கிட்டேன். நன்றியெல்லாம் வேண்டாம்."

அட்லாண்டிக் சமுத்திரம் முழுக்க க்ளைட்டஸ் மேல்தளத்தில் சம்மட்டி அடித்தான். பயணிகள் சண்டைக்கு வந்தபோது, "அரசாங்க அங்கீகாரம் பெற்ற சேதம் நடைபெறுகிறது" என்று டார்டேன் விளக்கினார். சுருதி சேர்க்க வேறு வழியில்லாததால் கப்பலின் சங்கையே ஆதாரமாக வைத்துக்கொண்டார்கள். அது ஊதும்போதெல்லாம் எல்லாரும் சம்மட்டியோடு ஓடினார்கள். இங்கிலாந்துக் கரை தெரிந்தபோது சண்டைக்கு வந்த பயணிகள் சமையற்காரரோடு கைகோத்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

லண்டனில் மழை. மக்கள் குடையோடு நின்று, கடற்காற்றில் வர்ணம் உதிர்ந்து துருப்பிடித்த பீப்பாய்களை வேடிக்கை பார்த்தார்கள். முதல் பாட்டு எழுந்ததும் ஒரு கனவான் பீப்பாய்க்கு அடியில் குனிந்து ரேடியோ ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று தேடினார். அடுத்த பாட்டுக்கு அவர் இடுப்பு அவர் அனுமதியின்றி அசைந்தது. அதற்கடுத்த பாட்டில் குடைகள் வானத்தில் பறந்தன. க்ளைட்டஸுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பக்கத்தில் அயோலா நின்றிருக்கவேண்டிய இடத்தில் டார்டேன் நின்று குனிந்து வணங்கிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது துறைமுகம் கொள்ளாத கூட்டம். புகார் கொடுத்த சீமாட்டிகளெல்லாம் பீப்பாய் வடிவத்தில் தொப்பி அணிந்து வந்திருந்தார்கள். அரசாங்கமும் காலத்தோடு இணைந்து புதிய விதி இயற்றியது: வெளிநாட்டில் பாராட்டப்பட்டவர் பான் வாசித்தால் அது இசை, ஏனையோர் வாசித்தால் முன்போலவே சத்தம். எது எதுவென்று தீர்மானிக்கும் வாரியத்தில் க்ளைட்டஸுக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. கொதிக்கும் வெயிலிலும் அவன் கோட்டைக் கழற்றுவதில்லை. தெளிந்த வானத்தைப் பார்த்து, "மழை வரும்போல இருக்கே" என்று லண்டன்காரன்போலக் கவலைப்படுவான்.

அயோலா இதற்குள் தானே ஒரு பான் செய்திருந்தாள். அண்ணனுக்குப் பிடிபடாத உச்ச சுரங்களெல்லாம் அதில் தேனாக வந்தன. அவள் வாசிக்க வாசிக்க அவன் கால் துடித்தது. ஒரு காலை இன்னொரு காலால் மிதித்து அடக்கினான்.

"எப்படிண்ணே இருக்கு?"

"அபாரம்! ஆனா மெதுவா வாசிம்மா. நீ இன்னும் லண்டன் போகலையே."

"உனக்கு வாசிக்கக் கத்துக்கொடுத்த குன்று லண்டன் போச்சா?"

"விதின்னு ஒண்ணு இருக்கில்ல?"

"அப்போ லண்டன் எப்படிப் போறது?"

"இங்க வாசிச்சுப் பேரு வாங்கணும்."

"இங்க எப்படி வாசிக்கிறது?"

"அதுக்குத்தான் லண்டன் போகணும்!" என்றான் க்ளைட்டஸ், இவ்வளவு எளிய விஷயம் தங்கைக்குப் புரியவில்லையே என்ற வருத்தத்தோடு.

அயோலா சிரித்துவிட்டு இன்னும் பலமாக வாசித்தாள். சந்தெல்லாம் வெளியே வந்து ஆடியது. ஆடி முடித்துக் களைத்ததும், நகரின் நற்பெயரைக் கருதி, சந்தெல்லாம் கூடி அவள்மேல் ஒரு புகார் எழுதியது. வாரிய உறுப்பினர் என்ற முறையில் முதல் கையெழுத்தைப் போடும் கௌரவத்தை க்ளைட்டஸுக்கே விட்டுக்கொடுத்தார்கள்.

அவன் மறுக்கவில்லை.