ஒரே வரியில் முடித்த பெருச்சாளி

ஒரு காட்டில் பொந்தையா என்று ஒரு பெருச்சாளி இருந்தது. இத்தனை நாள் பல்லை நம்பிப் பிழைத்தது போதும், மூளையையும் கொஞ்சம் நம்பிப் பார்ப்போம் என்று ஜாவாஸ்கிரிப்ட் படிக்கக் கிளம்பியது. அது கணிப்பொறியிடம் வேலை வாங்குகிற பாஷை. அதற்கு மேல் கேட்டால் பொந்தையாவுக்கே தெரியாது.

படித்தது மனசில் நிற்கட்டும் என்று ஒரு சின்ன லைப்ரரி எழுதியது. லைப்ரரி என்றால் புத்தகம் அடுக்கியது இல்லை; அடிக்கடி வருகிற சில்லறை வேலைகளை எழுதிப் போட்டு வைக்கிற பெட்டி. அதில் ஒன்றைத்தான் பொந்தையா ரொம்பப் பீற்றிக்கொண்டது. பட்டியலில் ஒரே சரக்கு மறுபடி வந்தால், முதலாவதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். பேரைப் பார்க்காது, இனத்தை மட்டும் பார்க்கும். பேரும் பார்த்தால் நாலு வரி. இனம் மட்டும் என்றால் ஒரே வரி. மூன்று கொய்யா, ஒரு மாங்காய் போட்டுப் பார்த்தது. ஒரு கொய்யா, ஒரு மாங்காய் வந்தது.

"அடேயப்பா, நானா?" என்று மீசையைத் தடவிக்கொண்டு இணையத்தில் எல்லாரும் எடுக்கிற மாதிரி வைத்தது. 'படிக்கிறதுக்காக எழுதினது, எடுத்தால் உங்கள் பாடு' என்று தலைப்பில் எழுதியும் வைத்தது. அந்த வரியை மட்டும் யாரும் படிக்கவில்லை.

கோடை வந்தது. ஒரே ஒரு குட்டையில்தான் தண்ணீர். தினம் பதிந்து டோக்கன் வாங்கினால்தான் குடிக்கலாம் என்றார் சிங்கராஜா. கொஞ்ச நாள் கையால் பதிந்து பார்த்த டோக்கன் ஆபீஸ் குரங்கு சடையாண்டி, ஒரே ஆள் இரண்டு டோக்கன் வாங்கிவிடக் கூடாதே என்று ஒரு டோக்கன் இயந்திரம் வைத்து, பொந்தையாவின் ஒரு வரியை எடுத்து அதில் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் நாற்பது மான்கள் பதிந்தன. ஒரு டோக்கன் வந்தது.

பொந்தையாவும் போனது. அதன் மச்சான் முந்திக்கொண்டிருந்தான். "பெருச்சாளி வந்தாச்சு, போ" என்றது இயந்திரம். மறுநாள் பொந்தையா சடையாண்டியிடம் போய் நின்றது.

"அண்ணே, தப்பு என்னோடதுதான். நாலு வரியாத் திருத்திக் கொண்டாந்திருக்கேன், மாத்திடுங்க."

"ஓடுற வண்டியில கை வைக்கச் சொல்றியா? முந்தி மத்தியானம் வரைக்கும் க்யூ. இப்ப எட்டு மணிக்கே பேன் பார்க்கப் போயிடறேன்."

"மான்குட்டிங்களுக்கு நாக்கு ஒட்டுதுண்ணே."

"மனுவா எழுதிப் போடு."

போட்டது. மூன்று நாள் ஆயிற்று. மான்களில் மூத்த புள்ளியம்மா வளை வாசலில் வந்து நின்றது. "எழுதின மகராசா, ஒரு வழி சொல்லு. இல்லேன்னா நாப்பது பேரும் உன் வளை மேலயே படுத்துக்குவோம்."

பொந்தையாவுக்கு விழுங்க எச்சில்கூட இல்லை. அப்போதுதான் புத்தி வந்தது. "இனத்தைத்தானேம்மா பார்க்குது? இந்தக் காட்டுல இல்லாத மிருகமாப் பார்த்துப் பதிஞ்சுக்குங்க."

விடிந்ததும் ஒரு மான் ஒட்டகம் என்று பதிந்தது, ஒன்று பெங்குவின், புள்ளியம்மா திமிங்கிலம். எல்லாரும் குடித்தார்கள். கடைசியில் பொந்தையா போனது. தாகத்தில் வேறு மிருகம் எதுவும் ஞாபகம் வரவில்லை. 'சிங்கம்' என்று பதிந்து, வயிறு முட்டக் குடித்துவிட்டுப் போனது.

பத்து மணிக்கு ராஜா நிதானமாக வந்தார்.

"சிங்கம் வந்தாச்சு, போ" என்றது இயந்திரம்.

அவர் கர்ஜித்ததில் மனுக்கட்டே சரிந்தது. பேன் பார்த்துக்கொண்டிருந்த சடையாண்டி ஓடி வந்து, அடியில் கிடந்த நாலு வரியைக் கைதட்டுகிற நேரத்தில் ஏற்றிவிட்டது.

"இதை எவனும் முன்னாடியே சொல்லலையா?"

"இப்பத்தான் கண்டுபிடிச்சேன் ராஜா."

சடையாண்டிக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. சிங்கம் என்று குடித்துவிட்டுப் போனது யார் என்ற விசாரணை இன்னும் நடக்கிறது. பொந்தையா வளையை இன்னும் ஆழமாகத் தோண்டிக்கொண்டிருக்கிறது, பழையபடி பல்லை நம்பி.

நீதி: ராஜாவுக்குத் தாகம் எடுக்கிற வரைக்கும் எந்தத் தப்பும் தப்பில்லை, ஆகையால் உன் தப்பை அவருக்கு முன்னால் க்யூவில் நிறுத்திவிட்டு, ஓடிப்போய்க் குழி தோண்டு.