நண்டுப் பேச்சின் திருத்தங்கள்

திங்கட்கிழமை பின்னேரம் ஷிஃபானா தன் பேச்சிலிருந்த பதினொரு வரைபடங்களையும் அழித்தாள். கட்டாரில் இருந்த கணவன் அர்ஷாக் தொலைபேசியில் பார்த்துச் சொன்ன குறைதான் காரணம்.

"தலை சுத்துது புள்ள. கோடு எது, நண்டுக் கால் எதுண்டு வெளங்கல்ல."

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய கடலாய்வு நிலையம் ஒன்றில் அவளுக்கு வேலை. கொட்டியாரக் குடாவின் நண்டுகளை இரண்டு வருடம் எண்ணியவள். வரும் சனிக்கிழமை அதைப்பற்றி இருபது நிமிடம் பேச வேண்டும். முன்வரிசையில் உத்தியோகத்தர்கள், பின்னால் சல்லி, இறக்கக்கண்டி ஊர்களின் மீனவர்கள். இரு தரப்புக்கும் விளங்க வேண்டும்.

ஆனால் அவள் ஏங்கியது வேறொன்றுக்கு. கலியாணம் முடிந்து இருபத்தேழாம் நாள் விமானம் ஏறியவன், ஒரு தடவை "நல்லா இரிக்கி" என்று சொல்ல வேண்டும். "சாப்பிட்டீங்களா", "ஓம், நீங்க?" என்று மூன்றாம் நிமிடமே கதை தீர்ந்துவிடும் அந்தத் தொலைபேசியில்தான் அவள் ஒத்திகை பார்த்தாள்.

செவ்வாய்.

"இப்ப வெறும் கதையாப் போச்சு. ஆதாரம் எங்க?"

வரைபடங்கள் திரும்பி வந்தன. இடம் போதாமல் முன்னுரை போனது.

புதன்.

"சிரிக்கப் பகிடி ஒண்டும் இல்லயே?"

ஓடு கழற்றப்போகும் பெண் நண்டை ஆண் நண்டு வயிற்றுக்குக் கீழே அணைத்துக்கொண்டே திரியும் செய்தியைச் சேர்த்தாள்.

"எத்தின நாள் அப்படி வச்சிரிக்கும்?"

"நாலஞ்சு நாள், மச்சான்."

"குடுத்து வச்ச நண்டு," என்றான். பிறகு பழையபடி குறை சொல்லும் குரலில், "இந்த இடம் காணாது. இன்னும் நீட்டுங்க."

நீட்டினாள். வியாழக்கிழமை அலுவலகத்தில் ஒத்திகை. மேலதிகாரி கனகரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, இது ஆய்வுரையோ, கலியாண வாழ்த்தோ?"

பக்கத்து மேசை கௌசிகா குனிந்து கேட்டாள். "அக்கா, சினை நண்டைத் திரும்பக் கடலில விடச் சொல்லுற பகுதி எங்க?"

"அதுக்கு நேரம் காணாது."

"அதுதானே அக்கா பேச்சே!"

அன்று பின்னேரம் அர்ஷாக்கிடம் முறையிட்டாள். அவன் நிதானமாக யோசித்துச் சொன்னான். "அவங்க சொல்றது சரிதான். அந்த வரைபடங்களை எடுத்துட்டுப் பாருங்களன்."

திங்கட்கிழமைக்கே திரும்பியாயிற்று! ஷிஃபானா படுக்கையில் முகம் புதைத்து அழுதாள்.

வெள்ளிக்கிழமை அழைத்தபோது எடுத்தவன் அர்ஷாக்கின் அறைத்தோழன், கிண்ணியா நஸ்ரி.

"அவன் தொழப் போயிட்டான், தங்கச்சி."

"வந்தாச் சொல்லுங்க, நஸ்ரி நானா. என்ட பேச்சு அவருக்குக் கடைசி வரைக்கும் பிடிக்கல்ல. கௌசிகாவையே பேசச் சொல்லப்போறன். இனி ஒத்திகை எண்டு எடுத்து அவரைக் கஷ்டப்படுத்த மாட்டன்."

நஸ்ரி பதறிப்போனான்.

"ஐயோ தங்கச்சி, திங்கட்கிழமையே 'என்ட பொஞ்சாதிர பேச்சு அந்த மாதிரித் திறம்'ண்டு அறை முழுக்கச் சொல்லிக் கண் கலங்கினவன் அவன், நல்லா இரிக்கிண்டு உங்களிட்டச் சொன்னா அடுத்த நாள் எடுக்க மாட்டீங்கண்டுதான், நாளுக்கொரு குறை கண்டுபிடிச்சுத் தாங்கண்டு எங்களப் போட்டு உலுப்புறான்!"