உருளைக்கிழங்குக்கும் சீட் உறுதி

மே மாதம் வந்தால் குன்னூருக்கு இரண்டு கூட்டம் வரும். ஒன்று பழக்கண்காட்சி பார்க்க வருவது. மற்றது இந்த வருடம் புதிதாக முளைத்தது: தூரிகைச் சித்தரைப் பார்க்க வருவது. முதல் கூட்டம் பழத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா போய்விடும். இரண்டாவது கூட்டம் சுளையாகக் கொடுத்துவிட்டுத்தான் போகும்.

ஓவியக் கல்லூரியில் சேர பிளஸ் டூ மார்க் மட்டும் போதாது. தான் வரைந்ததில் நல்லதாகப் பொறுக்கி, ஒரு கோப்பில் அடுக்கிக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அதற்குப் பெயர் போர்ட்ஃபோலியோ. பிள்ளை வரைய வேண்டும், வாத்தியார் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் சமாச்சாரம். இதில் சாமியாருக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? இரண்டு பேருக்கு நடுவே கொஞ்சம் இடம் இருந்தால் நம் ஊரில் ஒன்று பைக்கை நிறுத்துவார்கள், இல்லாவிட்டால் சாமியாரை உட்கார வைப்பார்கள்.

கல்யாண மண்டபத்தைச் சித்தர் வாடகைக்குப் பிடித்திருந்தார். பந்தலூரிலிருந்து ஜீப், மசினகுடியிலிருந்து வேன், கோயம்புத்தூரிலிருந்து கார். வாசலில் பேனர்: 'படத்தைப் பார்க்க மாட்டோம், பாக்கியத்தைப் பார்ப்போம்!' ஜனங்கள் அதைப் படித்துவிட்டுப் பரவசமாக உள்ளே போனார்கள். கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்பவருக்கு நம்மிடம் எப்போதுமே மரியாதை அதிகம்.

சித்தரின் தாடியில் நீலம், பச்சை, சிவப்பு என்று பெயிண்ட் வழியும். தினமும் காலையில் புதிதாகப் பூசிக்கொள்வார். பிள்ளை தன் கோப்பை மூடியபடியே அவர் காலடியில் வைத்துவிட்டு உள்ளங்கையை நீட்ட வேண்டும். தாமரை இதழ் போல வெட்டிய ஒரு மெல்லிய தாளை அதன் மேல் வைப்பார். 'கலைவாணி இதழ்' என்று பெயர். இதழ் மெல்ல எழுந்து வளைந்து கும்பிட்டால் சீட் உறுதி. அசையாமல் படுத்துக் கிடந்தால் தோஷம். தோஷக் கோப்பை ஆற்றில் கரைத்துவிட்டுச் சித்தரிடமே காசு கொடுத்து 'அருள் போர்ட்ஃபோலியோ' வாங்கிக்கொள்ள வேண்டும்.

அருள் போர்ட்ஃபோலியோவில் ஒரு மயில், ஒரு வீணை, ஒரு சூரிய உதயம். எல்லாருக்கும் அதே மயில். தேர்வாளர்கள் நூறு கோப்பைத் திறந்து நூறு மயிலைப் பார்த்தால் வனத்துறைக்குத்தான் போன் போடுவார்கள்.

அன்றைக்கு முதலில் கிருத்திக் என்ற பையன் கையை நீட்டினான். இதழ் எழுந்தது, வளைந்தது, கும்பிட்டது. அவன் அம்மா அம்சவேணி ஓவென்று அழுதார். மண்டபமே கை தட்டியது.

அடுத்து ஸ்ரீமதி. கூடவே அவள் அப்பா வேலுசாமி, தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க். ஒரு போல்ட் வந்தாலும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் இங்கே கைகட்டி நின்றார். சித்தர் முதலில் வேலுசாமியின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு ஷூவைப் பார்த்தார், அதற்கப்புறம்தான் இதழை எடுத்தார்.

இதழ் அசையவில்லை.

"தோஷம்! நாலாவது படத்துல சனி உக்காந்திருக்கான்!"

வேலுசாமிக்கு வியர்த்தது. குன்னூரில் வியர்ப்பது லேசுப்பட்ட காரியமல்ல. "ஏனுங்க சாமி, பரிகாரம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"கரைச்சிடு. ஆத்துக்கு ஜீப் கிளம்பப் போகுது."

"அப்பா, திங்கக்கெழம காலேஜுல கொடுக்கோணும்," என்று ஸ்ரீமதி பதறினாள். "ஒரு வருசமா வரைஞ்சது. ஆத்துல போட்டுட்டா நான் எதக் காட்டறது?"

"அதான் சாமி மயில் தர்றாருல்ல கண்ணு."

"அந்த மயில நான் வரையலீங்கப்பா!"

சித்தரின் ஆள் கோப்பைத் தூக்கி ஏற்கெனவே கட்டி வைத்திருந்த மூட்டையில் செருகினான். ஸ்ரீமதிக்கு அழுகை முட்டியது. ஆனால் அழுவதற்குள் ஒன்று கண்ணில் பட்டது. கிருத்திக் கையில் வைத்த இதழ் பால் நிறத்தில் மங்கலாக இருந்தது. அவள் கையில் இருந்ததோ கண்ணாடி போலப் பளபளத்தது.

"சாமி, அவன் கையில வெச்ச இதழையே எனக்கும் வைங்க."

"அவரவர்க்கு அவரவர் இதழ்!"

"சரிங்க. என்ர இதழ நானே வெட்டிக்கறேன்." பையிலிருந்து டிரேசிங் பேப்பரை எடுத்தாள். இதழ் போல வெட்டினாள். அப்பாவின் ஈரமான உள்ளங்கையைப் பிடித்து அதில் வைத்தாள். இதழ் எழுந்து அழகாகக் கும்பிட்டது. வாழ்நாளில் கையெழுத்தைத் தவிர வேறெதுவும் வரையாத கை அது.

"அப்பன் கையில இருக்கற கலைதான் புள்ளைக்கு எறங்கியிருக்குது!" என்றார் கூட்டத்தில் ஒருவர். பார்த்தீர்களா? ஏமாறுவதற்குக் காரணம் தேடும்போது மட்டும் நம் மூளை என்ன வேகமாக வேலை செய்கிறது!

ஸ்ரீமதி விடுவிடுவென்று சமையற்கட்டுக்குப் போனாள். பக்தர்களின் பூரிக்கு மசால் செய்ய உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. வெதுவெதுப்பாக, ஈரம் சொட்ட, உரித்த கிழங்கு ஒன்றைத் தட்டில் வைத்து மேடைக்குக் கொண்டுவந்தாள். அதன் மேல் இன்னோர் இதழை வைத்தாள்.

இதழின் ஓரம் துடித்தது. மெல்ல எழுந்தது. வளைந்தது. உருளைக்கிழங்கின் மேல் நின்று பயபக்தியோடு கும்பிட்டது.

"கெழங்குக்கும் சீட் உறுதிங்களா சாமி?" என்று கேட்டாள் ஸ்ரீமதி.

சித்தர் தாடியைத் தடவினார். கை பச்சையானது.

"இந்தப் பேப்பருக்கு ஒரு பக்கம் ஈரம் பட்டா அந்தப் பக்கம் விரியுமுங்க. காஞ்ச பக்கம் விரியாது. அதான் வளையுது. மழ நாள்ல எங்கூட்டு மேசையில தெனமும் இந்தக் கூத்துதான். கையில வேர்வை, கெழங்குல தண்ணி. எனக்கு அவர் வெச்சது பேப்பரே இல்லீங்க, பிளாஸ்டிக். கிழிச்சுப் பாருங்க!"

அம்சவேணி அந்தப் பளபள இதழைப் பிடித்து இழுத்தார். அது ரப்பர் போல நீண்டதே தவிர கிழியவில்லை. "அடப்பாவி! நாலு பேரு நம்போணும்னு எம்பையனுக்குப் பேப்பரு, காசுள்ளவங்களுக்கு பிளாஸ்டிக்கா?"

அப்புறம் என்ன, ஒரே கொண்டாட்டம். ஆளுக்கொரு இதழ் வெட்டினார்கள். பூரி மாவின் மேல் வைத்தார்கள், எழுந்தது. குழம்புச் சட்டி மூடியில் வைத்தார்கள், எழுந்தது. ஒருவர் தன் வழுக்கைத் தலையிலேயே வைத்துக்கொண்டு, "பாரு, பாரு, எந்திரிக்குது!" என்று மண்டபத்தைச் சுற்றி ஓடினார்.

இந்தச் சந்தடியில் சித்தர் கோப்பு மூட்டையோடு ஜீப்பில் ஏறிவிட்டார். ஆனால் வளைவில் ஒரு காட்டெருமை நடுரோட்டில் நின்று புல் மென்றுகொண்டிருந்தது. அதற்குச் சித்தர் யார், சாமானியர் யார் என்றெல்லாம் தெரியாது. ஜனங்கள் ஓடிப்போய் மூட்டையை இறக்கினார்கள். தூறல் விழுந்து தாடிச் சாயம் கரைந்து, சித்தரின் வெள்ளை ஜிப்பாவில் கோடு கோடாக வழிந்தது. அவர் சொந்தமாக வரைந்த ஒரே படம் அதுதான்.

போலீஸ் வந்து அவரை அழைத்துப் போனது. கதை இதோடு முடிந்தது என்று நினைத்தால் நம் ஜனங்களை உங்களுக்குத் தெரியாது. மண்டபத்துக்குள் அந்த உருளைக்கிழங்குக்கு யாரோ ஒரு பூ வைத்துவிட்டிருந்தார்கள். நாலு பேர் வரிசையில் நின்றார்கள். ஒரு பெரியவர் ஸ்ரீமதியிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, இது கேட்டா பலன் சொல்லுமுங்களா?"

ஸ்ரீமதி பூவை எடுத்து ஓரமாக வைத்தாள். கிழங்கை எடுத்து ஒரு கடி கடித்தாள். "உப்புப் பத்தலீங்க," என்றாள்.

வேலுசாமி மட்டும் மகளின் கோப்போடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். ஒரு வருடமாக வீட்டில் கிடந்த அதை அன்றைக்குத்தான் பிரிக்கிறார். நாலாவது படத்தில் தொழிற்சாலைப் பஸ்ஸில் ஒரு மனிதர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார், மடியில் டிபன் கேரியரோடு. "இது நானா கண்ணு? இவ்வளவு பெருசாவா வாயப் பொளக்கறேன்?" என்று சிரித்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. இதையா ஆற்றில் போடக் கொடுத்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

பெற்றவர்களே, பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்கிறேன் என்று இனி எவன் வந்தாலும் முதலில் வெந்த கிழங்கு ஒன்றை நீட்டிப் பாருங்கள். கிழங்குக்கும் அவன் அதே பலனைச் சொன்னால், யோசிக்க வேண்டியது கிழங்கு அல்ல.