இடுப்பெலும்புத் தீர்மானம்

"மூணாவது பாட்டுல ஒரு நிமிஷம் முழுக்க மூச்சு விடுற சத்தம் மட்டும்தான் கேக்குது சம்பந்தி, அதுக்குப் பேரு ஆல்பமா..."

"அது மூச்சில்ல சம்பந்தி, மௌனம். அதைக் கேக்கறதுக்குத் தனிக் காது வேணும்..."

"மௌனம் கேக்க ஆல்பம் எதுக்கு? எங்க வீட்டம்மா கோவிச்சுக்கிட்டா ஒரு வாரம் ஓசியிலேயே கேக்கலாமே..."

"உங்க வீட்டம்மா கோவத்துக்கும் தாளம் உண்டு, நான் கேட்டிருக்கேன்..."

தலைவர் ஜொல்டோஷ் கரண்டியால் தேநீர்க் கிண்ணத்தைத் தட்டினார். ஆல்பத்தைக் குறை சொன்ன ஓரோஸ்பாயும் அதற்காகப் பரிந்து பேசிய ஷைலோபெக்கும் நெஞ்சில் கை வைத்து ஒருவரை ஒருவர் வணங்கிவிட்டு உட்கார்ந்தார்கள். பெண் கொடுத்தவரும் பெண் எடுத்தவரும் எத்தனை திட்டினாலும் மரியாதையாகத்தான் திட்ட வேண்டும்.

மனித குலம் பாடத் தொடங்கிய நாள் முதல், பாட்டின் தரத்தைக் கடுகளவும் பிசகாமல் அளந்த ஒரே அமைப்பு எது என்று கேட்டால், கிர்கிஸ்தானின் பிஷ்கேக் நகரில் அனார்கானின் தேநீர்க் கடை மாடியில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் "நடுநிலை ரசிகர் மன்றம்" என்றுதான் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் ரசிகர்கள் பாட்டைக் கேட்டுவிட்டு, பிடித்தது, பிடிக்கவில்லை என்று மனம் போன போக்கில் சொல்லிவிடுகிறார்கள். இங்கே அந்த ஒழுங்கீனத்துக்கு இடமில்லை. முன்மொழிவு, வழிமொழிவு, திருத்தம், ஒத்திவைப்பு எல்லாம் உண்டு. கூட்டத்தில் பாட்டு ஒலிக்கக் கூடாது என்பது முதல் விதி. ஒலித்தால் நடுநிலை கெட்டுவிடும். "தகுதிக்கு மீறிப் புகழப்பட்டோர்" பட்டியல் ஒன்றும் ஆண்டுதோறும் வெளியாகும். போன வருடம் அதில் புல்புல் பறவையைச் சேர்த்தார்கள். பல வருடங்களாகப் புதிதாக எதுவுமே தரவில்லை என்பது குற்றச்சாட்டு. பறவை தரப்பில் யாரும் ஆஜராகவில்லை.

மன்றத்தின் செயலாளர் ஷைலோபெக். டிராலிபஸ் பணிமனையில் நேரக் கணக்காளர். இன்று அவர் கவலையோடுதான் மாடி ஏறி வந்திருந்தார். காரணம் ஆடு.

கூட்டம் முடிந்ததும் ஆட்டுக்கறி விருந்து. யாருக்கு எந்த எலும்பு என்பதில் தப்பு நடந்தால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்றுவிடும். வீட்டில் என்றால் வயதைப் பார்த்து வைக்கலாம். மன்றத்தில் தலைவரைத் தவிர மற்றவர்கள் ஏறக்குறைய ஒரே வயது. ஆகவே பாடகர்களைத் தரவரிசைப்படுத்தி, யாருடைய பாடகர் முதலிடமோ அந்த ரசிகருக்கு இடுப்பெலும்பு என்று தீர்மானித்திருந்தார்கள். பாடகர் அஸிரெத் பதினோரு வருடமாக முதலிடம். அவருடைய ரசிகர் ஷைலோபெக் பதினோரு வருடமாக இடுப்பெலும்பு. பாடகி குல்பர்ச்சினின் ரசிகர் ஓரோஸ்பாய்க்குத் தொடையெலும்பு.

இரண்டு வருடம் முன்பு ஷைலோபெக்கின் மகளை ஓரோஸ்பாயின் மகனுக்குக் கொடுத்தார்கள். வந்தது வினை. ஆறு வருட இடைவெளிக்குப் பிறகு அஸிரெத் இப்போது வெளியிட்ட ஆல்பத்தை "ஏமாற்றம்" என்று அறிவிக்க ஓரோஸ்பாய் தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறினால் இடுப்பு அவருக்கு. ஏமாற்றியவரின் ரசிகர் என்பதால் ஷைலோபெக் நேராக விலாவுக்கு இறங்குவார். விலா வாங்கும் குடும்பத்திலிருந்து வந்த மருமகள் என்று தன் மகளை நாலு பேர் பார்ப்பதை அவரால் கற்பனை செய்யவே முடியவில்லை.

இதில் ஒரு சிறு சங்கடம். ஷைலோபெக் அந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டார். பிடிக்கவில்லை. மனைவியிடம்கூட அவர் இதைச் சொல்லவில்லை.

இடைவேளையில் மாடிப்படியில் நின்று இருவரும் சூரியகாந்தி விதை கொறித்தார்கள். ஓரோஸ்பாய் குரலைத் தணித்தார்.

"நமக்குள்ள இருக்கட்டும் சம்பந்தி. அந்த ஏழாவது பாட்டு இருக்கே... காரை ஓரமா நிறுத்திட்டு அழுதேன்."

ஷைலோபெக் விதையைத் துப்ப மறந்தார். "ஏழாவதா? நான் அது வரைக்கும் போகவே இல்ல. மூணாவதுலயே தூங்கிட்டேன்."

"அப்போ என் தீர்மானத்துக்கு நீங்களே கை தூக்கலாமே."

"தூக்கலாம். என் எலும்பு?"

ஓரோஸ்பாய் யோசித்தார். நியாயம்தான் என்று பட்டது. ஆல்பத்தை நீங்களே புகழ்ந்துவிடுங்களேன் என்று ஷைலோபெக் கேட்டதற்கு, குல்பர்ச்சினை நம்பிப் பதினோரு வருடம் தொடையெலும்பு தின்றவன் திடீரென்று எப்படி மாறுவது என்றார். இதுவும் நியாயமாகவே இருந்தது. கை கொடுத்துக்கொண்டு, அவரவர் கொள்கையைக் காக்க உள்ளே போனார்கள்.

முதலில் வரவுக் கடிதங்கள். ஒரே ஒரு கடிதம்தான், அதுவும் அஸிரெத் எழுதியது. நீங்கள் மாதாமாதம் என்னைப் பற்றிப் பேசுவதாகக் கேள்விப்பட்டேன், இந்த ஞாயிறு நாலு மணிக்கு உங்கள் எதிர்த்த அரங்கில் பாடுகிறேன், அவசியம் வாருங்கள் என்று நாலே வரி. ஷைலோபெக் அதை வாசித்தார். மணி அப்போது மூன்றே முக்கால்.

அவையில் பெரும் பரபரப்பு. இது லஞ்சமா, மிரட்டலா என்று இரு கருத்து எழுந்தது. மெதெர்பெக் என்ற உறுப்பினர் சட்டம் படித்தவர். அவர் எச்சரித்தார்: நேரில் கேட்டால் கருத்து மாறலாம், கருத்து மாறினால் தீர்மானத்தைத் திருத்த வேண்டும், தீர்மானமோ ஏற்கெனவே தட்டச்சு ஆகிவிட்டது. குறிப்பேட்டில் இப்படி எழுதினார்கள்: "அழைப்பு நன்றியுடன் பதிவு செய்யப்பட்டது."

ஷைலோபெக் ஜன்னலைப் பார்த்தார். தெருவைத் தாண்டினால் அரங்கம். பணிமனை இரைச்சலில் தூக்கம் வரவழைத்த பாட்டு, அந்த மனிதரே எதிரில் நின்று பாடினால் வேறு மாதிரி இருக்குமோ என்று ஒரு நப்பாசை. ஆனால் எழுந்து போனால் ஒரு ஓட்டுக் குறையும். ஓரோஸ்பாயும் அதே ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் எழுந்தால் மற்றவர் ஜெயிப்பார். ஆகவே இருவரும் இசைக்காகத் தங்கள் நாற்காலிகளில் தியாகமாக உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு ஷைலோபெக் நாற்பது நிமிடம் பேசினார். தூங்கிப்போன மூன்றாவது பாட்டைப் "பனிமலையின் பெருமூச்சு" என்றார். கேட்காத ஏழாவது பாட்டைக் கேட்டதைவிட நன்றாகப் புகழ்ந்தார்.

"அந்தப் பாட்டைக் கேட்டுக் காரை நிறுத்திட்டு அழுத ஒரு மனுஷன் இதே சபையில இருக்காரு. பேரைச் சொல்ல மாட்டேன்."

ஓரோஸ்பாயின் காது சிவந்தது. எழுந்தார்.

"மூணாவது பாட்டுலயே குறட்டை விட்ட ஒரு பெரிய மனுஷரும் இதே சபையில இருக்காரு. நானும் பேரைச் சொல்ல மாட்டேன்."

பெயர் தெரியாத இருவரின் சாட்சியமும் குறிப்பேட்டில் ஏறியது. ஓட்டெடுப்பில் ஆதரவு ஆறு, எதிர்ப்பு ஏழு. ஆல்பம் ஏமாற்றம் அல்ல என்பது சரியாக ஆறு மணிக்கு உறுதியாயிற்று. ஷைலோபெக்கின் கண்ணில் நீர் தளும்பியது. பதினோரு வருட ரசனை காப்பாற்றப்பட்டுவிட்டது. ஓரோஸ்பாய் வந்து கட்டிக்கொண்டு, கலைக்குக் கிடைத்த வெற்றி என்றார். மனதார.

அனார்கான் கறித்தட்டோடு மாடி ஏறி வந்தாள். வழக்கமான துணி தலையில் இல்லை. விசேஷத்துக்குக் கட்டும் பட்டுத் துணி கட்டியிருந்தாள். தலைவருக்கு ஆட்டுத்தலை, ஷைலோபெக்குக்கு இடுப்பெலும்பு, ஓரோஸ்பாய்க்குத் தொடை என்று முறைப்படி வைத்தாள். வைத்துவிட்டும் போகவில்லை. கறி வேகட்டும் என்று அடுப்பில் ஏற்றிவிட்டு எதிரே கச்சேரிக்குப் போயிருந்ததாகச் சொன்னாள்.

கத்தியை எடுத்த ஷைலோபெக் அப்படியே நிறுத்தினார். "எப்படிப் பாடினாரு?"

"மூணே பாட்டுண்ணே. என்னோட சேர்த்து ஒம்போது பேருதான். முன்வரிசையில பதிமூணு நாற்காலிக்குச் சீட்டு ஒட்டி வச்சிருந்தாரு, உங்க மன்றத்துப் பேரெழுதி. அவங்க வந்துரட்டும், வந்துரட்டும்னு முக்கா மணி நேரம் ஆரம்பிக்கவே இல்ல."

மெதெர்பெக் இதைக் குறிப்பில் ஏற்ற வேண்டுமா என்று தலைவரைப் பார்த்தார். தலைவர் ஆட்டுத்தலையைப் பார்த்தார்.

"முடிஞ்சதும் என்னைக் கூப்பிட்டு, 'இத்தனை வருஷமா என் பாட்டையே பேசிக்கிட்டிருக்கறவங்களாச்சே, பதிமூணு பேருக்குமா உடம்பு சரியில்லாம போச்சு?'ன்னு கேட்டாரு. பார்த்து நலம் விசாரிக்கணும்னு கூடவே வந்து கீழ வாசல்ல நிக்கிறாரு. சொல்லுங்கண்ணே, யார் யாருக்கு என்ன வியாதின்னு சொல்லட்டும்?"