தண்டலின் வெளிநாட்டு சிம்

தண்டல் சோதித்துப் பார்க்காமல் நம்பிய பொருள் தூத்துக்குடியில் ஒன்றுகூடக் கிடையாது. குடை வாங்கினால், காசு கொடுப்பதற்கு முன் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு தெருக்குழாயின் அடியில் போய் நிற்பார். கட்டில் வாங்கினால் கடைக்காரரையும் பக்கத்துக் கடைக்காரரையும் அதில் உட்காரவைத்து, தானும் ஏறி உட்கார்ந்து, காற்றடிக்கும் கடலில் இருப்பதுபோல ஆட்டிப் பார்ப்பார். மக்ரூன் வாங்கப் போனால் தட்டுக்கு ஒன்றாகக் கடித்துவிட்டு, "சீனி கூடிப்போச்சு அண்ணாச்சி" என்று சொல்லி நடையைக் கட்டுவார். அவர் தலை தெரிந்ததும் பேக்கரி அண்ணாச்சி தட்டுகளை உள்ளே எடுத்து வைத்த காலமும் உண்டு.

தோணிக்குத் தலைவராக இருந்து அதை ஓட்டிச் செல்பவரை தூத்துக்குடியில் தண்டல் என்பார்கள். தோணி என்றதும் சின்னப் படகு என்று நினைத்துவிடாதீர்கள். வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலைத்தீவுக்கும் போகிற மரக்கப்பல் அது. இவர் வாழ்நாளெல்லாம் அதில் போய்வந்தவர். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயரைத் தெருவில் யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. கடலை விட்டுக் கரையேறிய பிறகும் அவர் தண்டல்தான்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது குடும்பம், வேலை, சம்பளம் எதையும் அவர் விசாரிக்கவில்லை. பையனைத் தோணியில் ஏற்றிக்கொண்டு காற்றுக் காலத்தில் வெளிக்கடலுக்குப் போனார். பையன் குடல் வெளியே வருகிற அளவுக்கு வாந்தி எடுத்தான். ஆனால் பிடிக்கச் சொன்ன கயிற்றைக் கரை வந்து சேரும்வரை விடவில்லை. "பய தேறிட்டான்" என்று சொல்லி அன்றைக்கே நாள் குறித்துவிட்டார்.

இன்னொரு தடவை சவப்பெட்டிக் கடையில் ஒரு பெட்டிக்குள் ஏறிப் படுத்துவிட்டு, "நீளம் சரி, தோள்பட்டதான் இடிக்குது" என்று சொல்லியிருக்கிறார். செய்தி வீட்டுக்கு எட்டியது. அவர் மனைவி அமலி அக்கா அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. "கிறுக்கு மனுசன்" என்று என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதார்.

நான் அப்போது யாத்திரைக் குழுக்களை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகும் ஒரு பயண நிறுவனத்தில் வேலை பார்த்தேன். சொந்த ஊர் ஆழ்வார்திருநகரி, வேலைக்காகத் தண்டலின் தெருவில் குடியிருந்தேன். நாமம் போட்ட குடும்பத்துப் பிள்ளைதான், ஆனால் போர்ச்சுகலில் பாத்திமா மாதாவுக்கும் பிரான்சில் லூர்து மாதாவுக்கும் கண்ணைக் கட்டிவிட்டாலும் வழி சொல்வேன். கடற்கரைத் தேவாலயப் பங்குகளிலிருந்து கிளம்பும் குழுக்களை விசா எடுப்பதிலிருந்து வீடு திரும்புவதுவரை கவனித்துக்கொள்வது என் பொறுப்பு. அப்படித்தான் ஒரு நாள் தண்டல் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். உட்காரும் முன் நாற்காலியை இரண்டு முறை உலுக்கினார்.

அமலி அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தது. ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் மிஷினில் படுக்க வேண்டும். கொஞ்ச நாளாக அவர், "போதும், இனி ஊசி வேண்டாம், விட்டுருங்க" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். தண்டலுக்கு அது தாங்கவில்லை. லூர்து மாதாவின் கெபிக்கு, அந்தப் பாறைக் குகைக்குக் கூட்டிப்போனால் சுகமாகிவிடும் என்று இரண்டு பேருக்கும் பெயர் கொடுக்க வந்திருந்தார். டாக்டர் முடியவே முடியாது என்று சொல்லிவிட்டார். அமலி அக்கா கணவரை மட்டும் போகச் சொன்னார், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

அந்த நிபந்தனையைத் தண்டல் என்னிடம் இப்படிச் சொன்னார்: "‘எனக்காக நீங்க வேண்டக்கூடாது’ங்கா தம்பி. ‘நீங்க சொன்னா மாதாவுக்கு ஒழுங்காப் போய்ச் சேராது, என் வேண்டுதலை நான்தான் சொல்லுவேன், கெபிக்கு முன்ன போனைப் புடிங்க, நான் இங்கன இருந்து பேசுதேன்’ங்கா. அவ பேசுதத நான் காதுல கேக்கவும் கூடாதாம்."

"பேசட்டுமே அண்ணாச்சி, அதுல என்ன?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "‘என்னைய எடுத்துக்கிடும்’னு கேட்டுட்டான்னா என்ன செய்ய? மகளுக்குக் கேப்பா, எனக்குக் கேப்பா. தனக்குன்னு ஒண்ணு கேட்டுப் பழக்கமில்லாதவ."

அதன் பிறகு என்னால் அவரைக் கேலி செய்ய முடியவில்லை. ஆனாலும் அவர் சிம் வாங்கிய கதையைச் சொல்லாமல் விட முடியாது. வெளிநாட்டில் பேச வழிகள் பல. நம் ஊர் எண்ணிலேயே ரோமிங் போடலாம். போய் இறங்கிய ஊரில் பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு சிம் வாங்கலாம். பல நாடுகளில் வேலை செய்யும் பிரீபெய்டு சிம்மை இங்கேயே வாங்கிக்கொண்டு கிளம்பலாம். இல்லாவிட்டால் இ-சிம் போட்டுக்கொள்ளலாம். நான் இ-சிம்தான் சுலபம் என்றேன்.

"அது எங்க இருக்கும்?"

"போனுக்குள்ளயே இருக்கும் அண்ணாச்சி. கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணால பாக்காம நான் நம்புதது மாதாவ மட்டுந்தான். மத்ததெல்லாம் கையில குடும்."

கையில் கொடுத்தேன். எங்கள் பயணம் முடிகிற நாள்வரை தாங்கக்கூடிய பிரீபெய்டு சிம். வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், பல்லில் தட்டிப் பார்த்தார். கிளம்பும் முன் பங்கு மண்டபத்தில் எல்லோருக்கும் பாடம் நடத்தினேன். "ஊரில் இருக்கும்போது இந்த சிம்மைப் போட்டுவிடாதீர்கள், நாள் ஓடிவிடும். சொந்த சிம்மைப் போனிலேயே விட்டுவையுங்கள், பாங்க் அனுப்பும் ஓடிபி அதில்தான் வரும். அதில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள்" என்று தொண்டை வறளச் சொன்னேன். தண்டல் முன்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அடுத்த சில நாட்கள் அவரைத் தெருவில் காணவில்லை. தருவைகுளத்துக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

லிஸ்பனில் இறங்கியதும் குழுவில் முதலில் பேசியவர் அவர்தான். மற்றவர்கள் சிம் தட்டைத் திறக்கக் குண்டூசி தேடிக்கொண்டிருந்தபோது, "ஏளா, எறங்கிட்டோம். சாப்ட்டியா? ஊசிக்குப் போனியா?" என்று அவர் குரல் விமான நிலையம் முழுக்கக் கேட்டது. பாத்திமாவில் மற்றவர்களுக்கு சிக்னல் வந்து வந்து போனபோது, இவர் ஒவ்வொருவரிடமும் போய், "பொருள வாங்குனாப் பத்தாது, ஒரு எட்டு பாத்து வைக்கணும்" என்று உபதேசம் செய்தார். அதன் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை.

பயணத்தின் கடைசி ஊர் லூர்து. காலையில் குழுவினர் மெழுகுதிரி வாங்கப் போனார்கள். தண்டல் என்னை மட்டும் கெபிக்குக் கூட்டிப்போனார். பாறைக் குகை, மேலே மாதாவின் சுரூபம், கீழே சத்தமில்லாமல் நகரும் வரிசை. நம் ஊரில் அது மதிய நேரம், அமலி அக்காவுக்கு அன்று ஊசி இல்லாத நாள். போனோடு காத்திருப்பார். தண்டல் எண்ணை அழுத்தினார். போகவில்லை. மறுபடி அழுத்தினார். நான் வாங்கிப் பார்த்தேன், சிம்மின் காலம் முடிந்துவிட்டதாகச் செய்தி வந்திருந்தது.

"இது நாம ஊர் போய்ச் சேருறவரைக்கும் இருக்கணுமே அண்ணாச்சி. இதை ஊர்ல போட்டுப் பாத்தியளா?"

"ஊர்ல போடக்கூடாதுன்னு நீருதான சொன்னீரு. நான் ஊர்ல போடல." கொஞ்சம் பெருமையோடு நிமிர்ந்தார். "கடல்ல போட்டேன்."

தருவைகுளத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகு ஒன்றில் ஏறி, கிழக்கே இலங்கைப் பக்கமாக வெகுதூரம் போய், அங்கே சிம்மைப் போட்டிருக்கிறார். இலங்கை டவர் பிடித்திருக்கிறது. வெளிநாட்டு டவரைப் பிடித்த அந்த நிமிடமே சிம்முக்கு நாள் ஓடத் தொடங்கிவிட்டது. இத்தனை வருடம் குழுக்களை அழைத்துப் போயிருக்கிறேன். சிம் வேலை செய்கிறதா என்று பார்க்கப் படகேறி அடுத்த நாட்டு எல்லைவரை போனவரை நான் சந்தித்ததில்லை.

ரீசார்ஜ் செய்யலாம் என்றால் அதற்கு ஓடிபி வர வேண்டும். அது வரவேண்டிய சொந்த சிம் எங்கே என்று கேட்டேன். "தொலஞ்சிறக்கூடாதுன்னு வீட்டுல அரிசி டின்னுல போட்டு வச்சிருக்கேன்" என்றார். சொல்லி முடித்தபோதே அவர் முகம் மாறிவிட்டது. பக்கத்துத் திண்டைப் பிடித்துக்கொண்டார்.

"அவ காத்துக்கிட்டு இருப்பாளே தம்பி. நான் போன் போடலன்னா, மாதாவே கேக்கமாட்டேன்னுட்டாங்கன்னு நெனச்சுக்கிடுவாளே."

"என் போன் இருக்கு அண்ணாச்சி" என்று நீட்டினேன். அதில் அந்த நாட்டு சிம் இருந்தது. வாட்ஸாப்பில் அமலி அக்காவைக் கூப்பிட்டேன், முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

மாதாவுக்குக் கேட்க வேண்டுமென்றால் ஸ்பீக்கரில்தான் போட வேண்டும். தண்டல் வலது கையில் போனைப் பிடித்துக் கெபியை நோக்கி நீட்டினார். இடது கையால் இடது காதைப் பொத்தினார். வலது காதுக்குக் கை இல்லை. திரும்பி என்னைப் பார்த்தார். "தம்பி, இந்தக் காதப் பொத்தும்." நான் பின்னால் நின்று அவருடைய வலது காதை அழுத்திப் பொத்தினேன். அதுவும் போதாதென்று அவர் கண்ணை மூடிக்கொண்டு, அருள் நிறைந்த மரியே என்று முணுமுணுக்கத் தொடங்கினார். அங்கே அமைதி காக்கச் சொல்லும் தொண்டர் ஒருவர் எங்களை நோக்கி வந்தார். எங்கள் நிலையைப் பார்த்ததும் தள்ளிப் போய் நின்றுகொண்டார். என் காதுகளைப் பற்றி யாரும் நிபந்தனை போட்டிருக்கவில்லை.

"தாயே, நான் அமலி. தூத்துக்குடியில இருந்து பேசுதேன்" என்றது போன். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "இந்தா போனைப் புடிச்சிக்கிட்டு நிக்காருல்லா, அவருதான் எம் புருசன். கடல்ல எல்லாந் தெரியும். கரையில ஒண்ணுந் தெரியாது. சோறு வடிக்கத் தெரியாது. ரத்தக்கொதிப்பு மாத்திரைய நான் எடுத்துக் குடுத்தாத்தான் போடுவாரு. மக வீட்டுலயும் போய் இருக்கமாட்டாரு, ரோசக்காரரு. நான் முந்திப் போயிட்டா இந்த மனுசன் என்ன ஆவாரு? அதுனால அவருக்குப் பெறவு எனக்கு ஒரு நாள் குடும். ஒரே ஒரு நாள் போதும். அதுவரைக்கும் எத்தன ஊசினாலும் போட்டுக்கிடுதேன். இனி வேண்டாம்னு சொல்லமாட்டேன் தாயே. அவர நல்லபடியா அனுப்பிட்டு, மறுநா வந்துருதேன்."

சுற்றிலும் பல நாட்டுக்காரர்கள் நின்றார்கள். யாருக்கும் ஒரு சொல் புரிந்திருக்காது. அதைப் புரிந்துகொண்டவன் நான் ஒருவன்தான். எனக்குக் கண்ணைத் துடைக்கவும் வழியில்லை, கை அவர் காதில் இருந்தது.

"முடிச்சிட்டேன். வச்சிருங்க" என்று குரல் வந்ததும் அவர் தோளைத் தட்டினேன். தண்டல் போனை என்னிடம் கொடுத்தார். வெளியே ஆற்றோரம் ஒரு பெஞ்சுவரை நடந்து வந்தார்.

"நீரு கேட்டிருப்பீரு. என்ன கேட்டான்னு சொல்ல வேண்டாம், அவளுக்குக் குடுத்த வாக்கு. ஒண்ணு மட்டும் சொல்லும். போறேன்னு கேட்டாளா, இருக்கேன்னு கேட்டாளா?"

"இருக்கேன்னுதான் கேட்டாங்க அண்ணாச்சி."

"நெசமாவா?"

"எத்தன ஊசினாலும் போட்டுக்கிடுதேன்னாங்க."

தண்டல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கழுத்துத் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"ஆயுசு நெறையக் கேட்டாளா?" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

"உங்களைவிடக் கூடக் கேட்டாங்க."

துண்டை விலக்கிவிட்டுச் சிரித்தார். கண்ணீர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. "கேக்கட்டும் தம்பி, கேக்கட்டும். அம்புட்டையும் அவளே வச்சுக்கிடட்டும்."

அமலி அக்கா இன்றைக்கும் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார். தண்டல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற போகிற நர்ஸுகளிடம் மிஷின் சரியாக ஓடுகிறதா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறார். அந்த ஒரு நாள் கணக்கை நான் அவரிடம் இதுவரை சொல்லவில்லை. அவர் பத்திரிகை படிப்பதில்லை. அக்கா படிப்பார். இதைப் படித்த கையோடு எனக்குப் போன் போட்டு, மாதாவிடம் சொன்னதை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாயே என்று மூச்சு வாங்க வாங்கத் திட்டுவார். திட்டட்டும். அந்தக் குரலை இன்னும் நெடுங்காலம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று நானும் அன்றைக்கு லூர்தில் அந்தக் கெபிப் பாறையைத் தொட்டுக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.