மாமனார் காரும் மூன்று ஷிப்டும்

இன்ஜினியர் மாப்பிள்ளை கிடைத்துவிட்டால் வீட்டு ரிப்பேர்ச் செலவெல்லாம் மிச்சம் என்று நம்புகிற மாமனார்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களுடைய நன்மையை முன்னிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் நான் நெய்வேலிச் சுரங்கத்தில் புது இன்ஜினியர். வேலை பர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸ் சாவி கைக்கு வந்த கையோடு மேல்பட்டாம்பாக்கத்தில் பெண் நிச்சயமாயிற்று. மாமனாராக வரப்போகிறவர் கரும்பு விவசாயி. நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு போட்ட காசில் பழைய சீமைக் கார் ஒன்று வாங்கி வைத்திருந்தார். அதில்தான் மாப்பிள்ளை அழைப்பு என்று ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தார். (காரை வாங்கிய பிறகுதான் அதில் உட்கார மாப்பிள்ளையே தேடினார் என்பது என் மைத்துனன் கட்சி.)

நிச்சயதார்த்தம் முடிந்த சூட்டோடு கார் மக்கர் செய்ய ஆரம்பித்தது. இரண்டாவது கியரில் அழுதது. மூன்றாவது கியர் போட்டால் தானே நழுவி வெளியே வந்தது. கடலூர் மெக்கானிக் ஒருவர் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்துச் சேர்க்க வேண்டும் என்று ஒரு தொகை சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு மிரண்டுபோன மாமனார், ஒரு வாழைத்தாரோடு என் குவார்ட்டர்ஸுக்கு வந்து இறங்கினார்.

“சாமான் வெல கொஞ்சந்தான் மாப்ள. பிரிச்சி மாட்டற கூலிதான் அதுக்கு மூணு பங்கு கேக்கறான். இது ஞாயமா? நீங்க மெஷினோடயே இருந்துகினு இருக்கறவரு. நீங்களே சொல்லுங்க.”

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் பார்த்ததெல்லாம் சுரங்கத்தில் மண் வெட்டுகிற ராட்சத இயந்திரங்களின் கியர்பாக்ஸ். உள்ளே ஆளே இறங்கித் துடைக்கலாம். கார் கியர்பாக்ஸைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் வருங்கால மாமனார் முன்னால் தெரியாது என்று சொல்லுகிற தைரியம் யாருக்கு வரும்?

“பகல் கொள்ளைங்க மாமா” என்றேன்.

என் கணக்கு இதுதான். சுரங்கத்தில் எது உடைந்தாலும் ஸ்டோர்ஸில் சாமான் கேட்டு எழுதுவோம். சாமானுக்கு விலை உண்டு. பிரித்து மாட்டியதற்கென்று தனியாக யாரும் காசு வாங்கி நான் பார்த்ததில்லை. ஷிப்டுக்கு ஆள் வருவார்கள், வேலை நடக்கும், மாதம் பிறந்தால் எல்லோருக்கும் சம்பளம் வந்துவிடும். ஆகவே உழைப்பு என்பது குழாய்த் தண்ணீர் போலச் சும்மா வருவது என்று மனதார நம்பியிருந்தேன்.

“சாமானை மட்டும் வாங்கிக் குடுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.”

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுவாரமே அவருடைய டிரைவர் கோவிந்தன் காரையும் புதுச் சாமானையும் கொண்டுவந்து விட்டுப் போனான்.

எங்கள் பிளாக்கில் எனக்கு இரண்டு கூட்டாளிகள். கோவில்பட்டி வேலாயுதம், பொள்ளாச்சி பழனிசாமி. மூவருக்கும் அந்த வாரம் வெவ்வேறு ஷிப்ட். அதனால் என்ன, சுரங்கமே அப்படித்தானே ஓடுகிறது? ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த வேலாயுதம் காலையில் கியர்பாக்ஸைப் பிரித்து, பாகங்களை ஒரு பாயில் கழற்றிய வரிசையிலேயே வைத்துவிட்டுத் தூங்கப் போனான். காலை ஷிப்ட் முடித்து வந்த நான் பிற்பகலில் அத்தனையையும் மண்ணெண்ணெயில் கழுவினேன். கழுவியதோடு விட்டேனா? பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று சிறியதிலிருந்து பெரியது வரை அளவுப்படி அடுக்கி வைத்தேன். மதிய ஷிப்டுக்குப் போக வேண்டிய பழனிசாமி மறுநாள் காலையில் என் அடுக்கைப் பார்த்து, புதுச் சாமானையும் சேர்த்து மாட்டினான். பிரித்தவன் மாட்டுவதைப் பார்க்கவில்லை, மாட்டியவன் பிரித்ததைப் பார்க்கவில்லை. இரண்டையும் பார்க்காத நான் மேற்பார்வை.

கடைசியில் ஒரு எஃகுக் குண்டும் ஒரு வளையமும் மிஞ்சின.

“ஏப்பா, இது ரெண்டும் எங்கப்பா போகோணும்?” என்றான் பழனிசாமி.

“மிச்சம்னா ஸ்பேருதாம்ல. பத்திரமா எடுத்து வையி” என்றான் தூக்கம் கலைந்து வந்த வேலாயுதம்.

கார் எங்கள் பிளாக்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அழவேயில்லை. கோவிந்தன் ஓட்டிக்கொண்டு போனான். மாமனார் நேரே கடலூருக்குப் போய், அந்த மெக்கானிக்குக்குக் கல்யாணப் பத்திரிகை வைத்து, “எங்க மாப்ள கை வச்ச வண்டிய வந்து பாருங்க” என்று சொல்லிவிட்டு வந்தார்.

அவரும் வந்தார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், பிள்ளையார் கோயில் வாசல். தலையில் ஜரிகைத் தலைப்பாகை, கழுத்தில் ஆளுயர மாலை. காரின் பின் இருக்கையில் நான். நாகசுரம் ஆரம்பித்தது. கோவிந்தன் முதல் கியரைப் போட்டான். கடக் என்று ஒரு சத்தம். கார் அசையவில்லை. இரண்டு, மூன்று என்று எதைப் போட்டாலும் அசையவில்லை. கடைசியாக ரிவர்ஸ் போட்டான். வெண்ணெயாக நழுவிப் பின்னால் போயிற்று.

“இன்னாடா கோயிந்தா?” என்றார் மாமனார்.

“முன்னால போவ மாட்டேங்குதுங்க. பின்னால ஜோராப் போவுதுங்க.”

நான் இறங்கி நடந்துவிடுகிறேன் என்றேன். மாமனார் கார்க் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டார். “ஊரே நின்னு பாத்துகினு இருக்குது. நீங்க நடந்து வந்தா எம் மானம் போயிடும் மாப்ள. டேய், புடிச்சித் திருப்புங்கடா வண்டிய!”

பத்துப் பேர் தள்ளிக் காரைத் திருப்பி நிறுத்தினார்கள். ஊர்வலம் ரிவர்ஸில் புறப்பட்டது. டிக்கி முன்னால் போயிற்று. அதற்கு முன்னால் நடந்த நாகசுரக்காரர்மீது புகை முழுவதும் போயிற்று. அவர் அடிக்கடி இருமினார். இருமுகிற இடத்தையெல்லாம் தவில்காரர் சமாளித்தார். கோவிந்தன் கழுத்தைத் திருப்பி, வெற்றிலை வாயோடு என் முகத்துக்கு நேரே முகம் வைத்து ஓட்டினான். “மாப்ள, தலைப்பாவ மறைக்குதுங்க, கொஞ்சம் சாஞ்சிக்குங்க” என்றான். சாய்ந்தேன். கல்யாணத்தில் நான் அதிக நேரம் பார்த்தது அவன் முகத்தைத்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

பெண் வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் எதற்குச் சுற்றுவது என்று தெரியாமல் டிக்கிக்குச் சுற்றிவிட்டார்கள். மெக்கானிக் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிற்பாடு அதே காரைச் சரிசெய்ய அவர் சொன்ன தொகையில் பழைய கூலி அப்படியே இருந்தது. இன்ஜினியர் சேர்த்ததைப் பிரிப்பதற்குத் தனிக் கூலி. மறுபேச்சு பேசாமல் என் சம்பளத்திலிருந்து கட்டினேன். எந்தப் பல் எந்தப் பல்லோடு சேரும் என்று ஒரே ஆள் உட்கார்ந்து பார்ப்பதற்குத்தான் அந்தக் காசு என்று அப்போதுதான் உறைத்தது.

இதையெல்லாம் மாடி ஜன்னலிலிருந்து மணப்பெண் பார்த்திருக்கிறாள். காரின் முகம் அந்தப் பக்கம். கண்ணாடிக்குள் என் தலைப்பாகையின் பின்புறம். மாப்பிள்ளை ஓடிப்போகிறார் என்றே நினைத்துவிட்டாளாம். ஆனால் போகிற ஆள் கிட்டக் கிட்ட வந்துகொண்டே இருக்கிறார்!

மறுநாள் தாலி கட்டக் குனிந்தேன். குனிந்த தலை நிமிராமல் என் மனைவி என்னிடம் பேசிய முதல் வார்த்தை:

“நேத்து நீங்க வந்தீங்களா, போனீங்களா?”

இன்றைக்கும் நான் பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினால், சமையல்கட்டிலிருந்து குரல் வரும்: “வரீங்களா, போறீங்களா?” பிள்ளைகள் கேட்டார்கள், இப்போது பேரன்களும் கேட்கிறார்கள். போன மாதம் புதிதாக வந்த மருமகளும், வாயைப் பொத்திக்கொண்டு, மரியாதையாகக் கேட்டுவிட்டாள்.